விளக்கு வைத்தால் நெட் போகிறது!

வாசகர் கேள்வி - கம்ப்யூட்டர் கடைக்காரர் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே புலம்பல்தான்: நெட் வந்து வந்து போகிறது. அதனால் பிரிண்டர், பென்டிரைவ் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். முதல் கடிதத்துக்கான பதில் நீளமாகப் போய்விட்டது. நேரில் போய்ப் பார்த்த கதை, சுருக்க மனசு வரவில்லை.

*

கேள்வி: தம்பி, எனக்கு வயது அறுபத்தெட்டு. கானாடுகாத்தான் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். மகன் சிங்கப்பூரில். 2012-இல் போகும்போது அவன் வாங்கி வைத்த கம்ப்யூட்டர்தான் இன்னும் ஓடுகிறது. கண் சரியில்லை, ஃபோனில் பேரன் முகம் தெரிவதில்லை. பெரிய திரைதான் எனக்குத் தோது. சாயங்காலம் ஆறரைக்குக் கூப்பிட்டால் பேசிக்கொண்டிருக்கும்போதே நெட் போய்விடுகிறது. ஐந்து நிமிடம் வரும், மறுபடி போகும். மூன்று பேர் வந்து பார்த்துவிட்டார்கள். ஒருவர் ரூட்டரை மாற்றினார். ஒருவர் விண்டோஸைப் புதிதாகப் போட்டார். மூன்றாமவர், "கம்ப்யூட்டர் பழசு ஆச்சி, மாத்திடுங்க" என்கிறார். ஃபோனில் நெட் நன்றாகத்தான் வருகிறது. அப்படியானால் அவர் சொல்வது சரிதானே? புதிது வாங்கிவிடட்டுமா?

பதில்: வாங்காதீர்கள் ஆச்சி. வாங்குவதென்றாலும் நெட்டுக்காக வாங்காதீர்கள். அதற்கு வேறு காரணம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

ஆச்சியிடம் கேட்டுக்கொண்டு, நடந்ததை மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது 'சாயங்காலம் ஆறரைக்கு' என்ற சொல்தான். கெட்டுப்போன கம்ப்யூட்டருக்கு மணி பார்க்கத் தெரியாது. அது காலை பத்து மணிக்கும் தகராறு செய்யும், நடுச்சாமத்திலும் செய்யும். குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் போகிறது என்றால், அந்த நேரத்தில் வீட்டிலோ தெருவிலோ ஏதோ ஒன்று மாறுகிறது.

சாயங்காலம் மட்டும் நெட் தடுமாறினால் வழக்கமாகச் சொல்கிற காரணம் அக்கம்பக்கத்து வைஃபை. எல்லாரும் வேலை விட்டு வந்து ஒரே நேரத்தில் போட, ஒன்றின் சிக்னல் மற்றொன்றை இடிக்கும். சென்னை அடுக்குமாடியில் இது நிஜம். செட்டிநாட்டுக் கிராமத்தில்? ஆச்சி வீட்டுத் தெருவில் பதினோரு வீடு. நான் போன அன்று எட்டு பூட்டிக் கிடந்தன. லேப்டாப்பைத் திறந்தால் வைஃபை பட்டியலில் ஆச்சி வீட்டுப் பெயர் ஒன்றுதான் தன்னந்தனியாக நிற்கிறது. ஆக, அந்தக் காரணம் போச்சு.

போவதற்கு முன்னால், ஃபோனில் ஒரு வேலை சொன்னேன். ஒரு வாரத்துக்கு ஒரு நோட்டில், நெட் எப்போது போனது, எப்போது வந்தது, அந்த நேரம் வீட்டில் என்ன நடந்தது என்று எழுதி வையுங்கள் என்றேன். இதை நான் எல்லாரிடமும் சொல்கிறேன். செய்பவர்கள் பத்தில் ஒருவர். ஆச்சியோ வட்டிக் கணக்கும் ஐந்தொகையும் பார்த்து வளர்ந்த வீட்டுக்காரர். கோடு போட்டுக் கட்டம் கட்டி எழுதியிருந்தார். 'திங்கள் 6.35 போச்சு, 6.41 வந்தது, 6.44 போச்சு.' புதன், வியாழன், வெள்ளி எல்லாம் அதே கதை. செவ்வாய்க் கட்டத்தில் மட்டும், 'போகவில்லை. கல்யாணப் பத்திரிகை வைக்க ஆள் வந்திருந்தார்கள்.'

பத்திரிகைக்கும் நெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது எனக்குப் பிடிபடவில்லை.

அடுத்த வாரம் ஒருநாள் சாயங்காலம் ஐந்து மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். வேண்டுமென்றேதான் சாயங்காலம். ரூட்டர் முகப்பில் இருந்தது. ஃபைபர் கேபிள் வீட்டுக்குள் நுழைகிற இடம் அது, கொண்டுவந்தவர் அங்கேயே மாட்டிவிட்டுப் போய்விட்டார். கம்ப்யூட்டர், முகப்பும் வளவும் (நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்) தாண்டி, அதற்குப் பின்னால் இருக்கிற இரண்டாங்கட்டில் ஓர் அறையில். நடுவில் ஒன்றரை, இரண்டு அடி கனத்தில் செங்கலும் சுண்ணாம்பும் சேர்ந்த சுவர்கள். ஆனால் இந்த வீடுகளில் ஒரு வசதி உண்டு. தலைவாசலில் நின்றால் கதவுக்குள் கதவாகக் கொல்லை வரைக்கும் ஒரே நேராகத் தெரியும். காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் பெரியவர்கள் செய்து வைத்த ஏற்பாடு. வைஃபையும் அதே வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. சுவரைத் துளைத்து வரவில்லை, வாசல் வாசலாக நடந்து வந்தது.

சரி, இப்போது நீங்களும் வீட்டில் செய்து பார்க்கக்கூடிய சோதனைக்கு வருகிறேன். நெட் போகிறது என்றால் முதலில் தெரிய வேண்டியது, எந்தத் துண்டில் போகிறது என்பது. கம்ப்யூட்டரிலிருந்து ரூட்டர் வரை ஒரு துண்டு. ரூட்டரிலிருந்து வெளியே ஒரு துண்டு. இதைப் பிரித்துப் பார்க்காமல் ரூட்டரை மாற்றுவதும் விண்டோஸை அழித்துப் போடுவதும் கண்ணைக் கட்டிக்கொண்டு கல் எறிகிற வேலை.

விண்டோஸ் பொத்தானோடு ஆர் எழுத்தை அழுத்தி, வருகிற பெட்டியில் சிஎம்டி (cmd) என்று ஆங்கிலத்தில் தட்டினால் ஒரு கறுப்பு ஜன்னல் வரும். அதில் முதலில் ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று இடமில்லாமல் தட்டுங்கள். 'டிஃபால்ட் கேட்வே' என்ற வரியில் இருப்பதுதான் உங்கள் ரூட்டரின் முகவரி. பெரும்பாலும் 192.168.1.1 என்றோ 192.168.0.1 என்றோ இருக்கும். உங்கள் கம்ப்யூட்டரின் முகவரி 169.254 என்று தொடங்கினால் ரூட்டர் அதற்கு முகவரியே கொடுக்கவில்லை என்று அர்த்தம். அந்த நிலையில் வெளியில் தேட வேண்டாம், கோளாறு வீட்டுக்குள்தான்.

அப்புறம் பிங் (ping) என்று தட்டி, இடம் விட்டு ரூட்டர் முகவரி, மறுபடி இடம் விட்டு ஒரு சிறு கோடும் டி எழுத்தும் (-t). இன்னொரு கறுப்பு ஜன்னல் திறந்து அதே மாதிரி 8.8.8.8 என்ற முகவரிக்கு. அது கூகுள் நடத்துகிற பொது சர்வர், நம் வீட்டுக்கு வெளியே இருக்கிறது. இரண்டு ஜன்னலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேடிக்கை பாருங்கள். வினாடிக்கு ஒரு வரி ஓடும், பதில் வர எத்தனை மில்லி செகண்ட் ஆனது என்று ஒவ்வொரு வரியிலும் இருக்கும். வெளி ஜன்னலில் மட்டும் 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' என்று வந்து, ரூட்டர் ஜன்னல் ஒழுங்காக ஓடினால் நெட் கொடுப்பவரைக் கூப்பிடுங்கள். இரண்டிலும் சேர்ந்து வந்தால் உங்கள் வீட்டுச் சமாச்சாரம். நிறுத்துவதற்குக் கன்ட்ரோலும் சி எழுத்தும்.

ஆச்சி வீட்டில் இதைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். ரூட்டர் ஜன்னலில் மூன்று மில்லி செகண்ட், நான்கு, மூன்று, மூன்று என்று நல்ல பிள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது. காபியும் வெள்ளைப் பணியாரமும் வந்தது. ஒரு குறையும் இல்லை. மணி ஆறு. ஆறேகால். கம்ப்யூட்டரை மாற்றச் சொன்னவர் பக்கம் எனக்கே மனசு சாயத் தொடங்கிவிட்டது.

ஆச்சி எழுந்தார். விளக்கு வைக்கிற நேரம், கொசுவும் வௌவாலும் உள்ளே வந்துவிடும் என்று, வளவுக்கும் இரண்டாங்கட்டுக்கும் நடுவில் இருக்கிற இரட்டைக் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. திரையில் மூன்று இருந்த இடத்தில் நூற்றெண்பது. அடுத்த வரி தொள்ளாயிரம். அதற்கடுத்த வரி ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்.

"ஆச்சி, கதவைத் திறங்க."

திறந்தார். நான்கு, மூன்று, மூன்று.

"சாத்துங்க."

போச்சு.

மூன்று தடவை செய்து பார்த்தோம். மூன்று தடவையும் அதேதான். ஆச்சிக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. "எங்க பாட்டையா பர்மாவிலேருந்து தேக்கு கொண்டாந்து இழைச்ச கதவு தம்பி, அதுவா நெட்டை நிறுத்துது?" என்றார். அதுவேதான். இரண்டு அங்குலத்துக்குக் குறையாத தேக்கு, மேலே இரும்புப் பட்டையும் பித்தளைக் குமிழும். தேக்கு மட்டும் தடுத்திருக்காது. ஏற்கெனவே முகப்பிலிருந்து நடந்து வந்து களைத்த சிக்னல், கதவு வேறு சாத்தினால் விழுந்துவிடுகிறது. மெலிந்த மாட்டுக்குக் கடைசிச் சுமை மாதிரி.

பத்திரிகை வைக்க வந்தவர்கள் ஒன்பது மணி வரைக்கும் வளவில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அன்றைக்குக் கதவு சாத்தவில்லை.

முன்னால் வந்த மூன்று பேரும் கெட்டிக்காரர்கள்தான், எனக்குத் தெரிந்தவர்களும்கூட. ஆனால் மூன்று பேரும் வந்தது பகல் பதினோரு மணிக்கு. கதவு மலர்க்கத் திறந்து கிடக்க, நெட் பிரமாதமாக வந்திருக்கும். வந்தவர் ஏதாவது செய்துவிட்டுத்தானே போக வேண்டும்? கையில் இருந்த வேலையைச் செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நானும் பகலில் போயிருந்தால் அதையேதான் செய்திருப்பேன்.

அடுத்து, ஃபோன் சாட்சி. இதில் எல்லாரும் ஏமாறுகிறார்கள், ஆச்சி மட்டும் இல்லை. ஃபோனில் வைஃபை விழுந்தால் அது சத்தம் காட்டாமல் சிம் கார்டின் டேட்டாவுக்குத் தாவிவிடும். படம் நிற்காமல் ஓடும். நீங்கள் "வைஃபை நல்லா இருக்கு" என்பீர்கள். சோதிப்பதற்கு முன் ஃபோனில் மொபைல் டேட்டாவை அணையுங்கள். ஆச்சியின் ஃபோனில் அணைத்துவிட்டு இரண்டாங்கட்டில் கதவைச் சாத்தினோம். ஃபோனும் சுற்றிக்கொண்டே நின்றது. பழசு என்று பழி சுமந்த கம்ப்யூட்டர் அந்த நிமிடமே பாதி விடுதலை.

பாதிதான். மீதிப் பாதி அதன் தலையில். அந்தக் கம்ப்யூட்டருக்கு வைஃபை உள்ளே கிடையாது. கட்டைவிரல் நகம் அளவு ஒரு வைஃபை டாங்கிளை சிபியூவின் பின்பக்கம் சொருகியிருந்தார்கள். முன்னால் தகரப் பெட்டி, பின்னால் சுவர், நடுவில் நகத்தளவு ஆன்டெனா. அது எதைக் கேட்கும்? ஒரு யுஎஸ்பி நீட்டிப்பு ஒயர் வாங்கி டாங்கிளை மேஜை மேல் ஏற்றினேன். கதவு சாத்தியும் பத்துக்கு ஆறு வரி பதில் வந்தது. இந்த ஒயர் ஐஸ்கிரீம் விலைதான், முதலில் இதைச் செய்து பாருங்கள். இன்னொன்று, டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்பதற்குக் கீழே உங்கள் வைஃபை கார்டின் ப்ராப்பர்டீஸைத் திறந்தால், பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரம் மிச்சம் பிடிக்க இந்தக் கார்டை அணைத்துக்கொள்ளலாம் என்று விண்டோஸுக்கு அனுமதி கொடுக்கிற டிக் ஒன்று இருக்கும். எடுத்துவிடுங்கள். சும்மா விட்டு வைத்தால் நெட் போகிறது, மவுஸை ஆட்டினால் கொஞ்சம் கழித்து வருகிறது என்பவர்களுக்குப் பெரும்பாலும் இந்த டிக்தான் காரணம்.

ஆனால் பேரன் முகம் பத்துக்கு ஆறு தெரிந்தால் போதுமா? கேபிள் இழுப்பது என்று முடிவு செய்தோம். இங்கே ஒரு சிக்கல். ஆச்சி சுவரில் துளை போட விடமாட்டார். விடச் சொல்லவும் எனக்கு வாயில்லை. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்துக் கண்ணாடி மாதிரி இருக்கிற சுவர், அதில் டிரில் வைத்தால் பொருக்குப் பொருக்காக உதிரும், இன்றைக்கு அதைப் பூசிச் சரிசெய்கிற கொத்தனாரைத் தேடி அலைய வேண்டும். கதவுக்கு மேலே காற்றுப் போக்கிக் கம்பி இருந்தது. முகப்பிலிருந்து வளவுத் தாழ்வாரத்து உத்தரத்தின் மேல் கேட்-6 என்கிற நெட் கேபிளைப் படுக்க வைத்து, அந்தக் கம்பி வழியாக இரண்டாங்கட்டுக்குள் இறக்கினோம். ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. முப்பத்தெட்டு மீட்டர். இந்தக் கேபிள் நூறு மீட்டர் வரை தாராளமாகப் போகும், செட்டிநாட்டு வீடு எவ்வளவு நீளமானாலும் பயமில்லை. கேபிள், இரண்டு முனைக்கும் பிளக், கூலி எல்லாம் சேர்ந்து இரண்டாயிரத்துக்குள். மூன்று வாரம் ஆகிறது. ஆச்சி நோட்டை இன்னும் எழுதுகிறார், கட்டங்கள் காலியாகவே இருக்கின்றன. இங்கே ஆறரை என்றால் சிங்கப்பூரில் ஒன்பது, பையன் தூங்கப் போகிற நேரம். இப்போது கதை சொல்லித் தூங்க வைக்கிறாராம்.

கேபிள் இழுக்க முடியாத வீட்டில், ரூட்டரை முகப்பிலிருந்து எடுத்து வளவு நடுவில் உயரமாக வைத்தாலே பாதி தீரும். எங்கே வைத்தாலும் இரும்பு பீரோவின் பின்னாலும் பெல்ஜியம் கண்ணாடியின் பின்னாலும் வைக்காதீர்கள். பள்ளத்தூரில் ஒரு வீட்டில் பார்வைக்கு அசிங்கமாக இருக்கிறது என்று ஆளுயரக் கண்ணாடிக்குப் பின்னால் ரூட்டரை ஒளித்து வைத்திருந்தார்கள். கண்ணாடியின் முதுகில் இருப்பது உலோகப் பூச்சு. அது நம் முகத்தை எப்படித் திருப்பி அனுப்புகிறதோ அப்படியே வைஃபையையும் திருப்பி அனுப்பிவிடும்.

கடைசியாக, வேறு காரணம் என்றேனே. ஆச்சி கம்ப்யூட்டரில் ஓடுவது விண்டோஸ் 7. அதற்குப் பாதுகாப்பு அப்டேட் தருவதை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. குரோம் பிரவுசரும் 2023 தொடக்கத்தில் 109-ஆம் பதிப்போடு விண்டோஸ் 7-ஐக் கைகழுவியது. பேரனோடு பேசட்டும், தப்பில்லை. பேங்க் வேலை, கடவுச்சொல் வேலை எதையும் அதில் செய்யாதீர்கள் ஆச்சி. அந்தப் பெட்டியில் எஸ்எஸ்டி என்கிற வேகமான டிஸ்க் ஒன்று போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச சிஸ்டத்தை ஏற்றித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். "மகனைக் கேட்டுச் சொல்றேன்" என்றிருக்கிறார்.

*

கேள்வி: போன மாதம் புது ரூட்டர் கொடுத்தார்கள். அதிலிருந்து என்னுடைய 2013 லேப்டாப்பில் மட்டும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வைஃபை விடுபடுகிறது. மனைவியின் புது லேப்டாப், டிவி எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. பழைய ரூட்டரையே கேட்டு வாங்கவா?
- கோட்டையூர் வாசகர்

பதில்: வேண்டாம். உங்கள் லேப்டாப்பும் கெடவில்லை, ரூட்டரும் கெடவில்லை. ஒன்று பேசுவது மற்றொன்றுக்கு அரைகுறையாகப் புரிகிறது.

புது ரூட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்து, 'நீ அங்கே போ, நீ இங்கே வா' என்று கருவிகளைத் தாங்களே இடம் மாற்றும். புதுக் கருவிகள் சொன்ன பேச்சுக் கேட்கும். 2013 லேப்டாப்கள் பலவற்றில் இருப்பது 2.4 மட்டும் தெரிந்த கார்டு. அது போக இடமில்லாமல் விழித்துக்கொண்டு நிற்கும், ரூட்டர் அதைக் கழற்றிவிடும். அடுத்தது பூட்டு. புது ரூட்டர்களில் டபிள்யூபிஏ-3 என்ற பாதுகாப்பு முறை, அல்லது 2-ம் 3-ம் கலந்த முறை, முன்கூட்டியே போட்டு வருகிறது. பழைய கார்டுகளுக்கு டபிள்யூபிஏ-2 வரைதான் படிப்பு.

ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் அதன் முகவரியும் உள்ளே நுழைகிற பெயரும் கடவுச்சொல்லும் இருக்கும். உள்ளே போய் 2.4-க்குத் தனிப் பெயர் வையுங்கள். என் வீட்டில் 'பழசு' என்றே வைத்திருக்கிறேன். அதற்குப் பாதுகாப்பு டபிள்யூபிஏ-2, ஏஇஎஸ். சேனல் அகலம் 20. சேனலைத் தானாகத் தேர்ந்தெடுக்க விடாமல் 1, 6, 11 இந்த மூன்றில் ஒன்றை நீங்களே கொடுங்கள். இந்த மூன்று மட்டும்தான் ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் தள்ளித் தள்ளி இருப்பவை. லேப்டாப்பில் பழைய பெயரை 'ஃபர்கெட்' கொடுத்துவிட்டுப் புதுப் பெயரில் சேருங்கள். உள்ளே போனது போனீர்கள், ஸ்டிக்கரில் இருக்கிற நிர்வாகக் கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டு வெளியே வாருங்கள்.

இத்தனைக்கும் அடங்கவில்லை என்றால் 5 கிகாஹெர்ட்ஸும் தெரிந்த யுஎஸ்பி டாங்கிள் ஒன்று வாங்கிச் சொருகுங்கள். லேப்டாப்பில் நீல நிற யுஎஸ்பி வாய் இருந்தால் அது யுஎஸ்பி 3. அதில் ஹார்ட் டிஸ்க் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும்போது 2.4 வைஃபைக்கு இரைச்சல் கொடுக்கும். டாங்கிளை அதற்குப் பக்கத்தில் வைக்காமல் எதிர்ப்பக்கம் சொருகுங்கள்.

*

கேள்வி: அரிசி மில் ஆபீஸில் பில் போடுகிற கம்ப்யூட்டர். மோட்டார் ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் நெட் போய் இரண்டு மூன்று நிமிடம் கழித்து வருகிறது. கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ் இருக்கிறது, அது அணைவதில்லை.
- புதுவயல் வாசகர்

பதில்: கேள்வியிலேயே பதிலும் இருக்கிறது. கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸில் இருக்கிறது. ரூட்டர் எங்கே சொருகியிருக்கிறது? சுவர் பிளக்கில், அப்படித்தானே?

மில் மோட்டார் கிளம்புகிற நொடியில், ஓடும்போது இழுப்பதைப் போல ஆறேழு மடங்கு கரண்ட்டை இழுக்கும். ஆபீஸ் லைட் ஒருமுறை மங்கி எரிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கண் சிமிட்டலில் ரூட்டர் அணைந்து எழுகிறது. எழுந்து, ஃபைபரைப் பிடித்து, லாகின் ஆகி வருவதற்கு இரண்டு மூன்று நிமிடம். நீங்கள் சொல்கிற கணக்கு அப்படியே பொருந்துகிறது. மோட்டார் போடச் சொல்லிவிட்டு ரூட்டர் முன்னால் நின்று விளக்குகளைப் பாருங்கள். எல்லா விளக்கும் ஒருமுறை அணைந்து வந்தால் நான் சொன்னதுதான். யுபிஎஸ்ஸில் ஒரு வாய் காலியாக இருந்தால் ரூட்டரை அதற்கு மாற்றுங்கள், இல்லையென்றால் ரூட்டருக்கென்றே விற்கிற குட்டி யுபிஎஸ் வாங்குங்கள். ரூட்டர் அடாப்டரையும் தொட்டுப் பாருங்கள். நாலைந்து வருடம் ஓடிய அடாப்டருக்குள் கெப்பாசிட்டர் உப்பிப்போய், சின்னத் தொய்வைக்கூடத் தாங்காது. அதில் 12 வோல்ட், 1 ஆம்ப் என்று எழுதியிருந்தால் அதே வோல்ட்டில்தான் மாற்ற வேண்டும். ஆம்ப் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது.

விளக்கெல்லாம் அப்படியே எரிந்து, கம்ப்யூட்டர் கேபிள் சொருகிய வாயின் விளக்கு மட்டும் அணைந்தால் வேறு கதை. நெட் கேபிளை மோட்டாருக்குப் போகிற த்ரீ பேஸ் ஒயரோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். ஓர் அடியாவது தள்ளிக் கொண்டுபோங்கள். குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் நேர்க்குறுக்காகக் கடக்கட்டும்.

தவிட்டுத் தூசி பற்றி நீங்கள் எழுதவில்லை. உங்கள் ஊர் மில் கம்ப்யூட்டர்கள் எத்தனையோ திறந்திருக்கிறேன். உள்ளே இருக்கிறதை அள்ளினால் ஒரு மாட்டுக்கு ஒருவேளைக்கு ஆகும். நெட் கேபிள் வாயையும் ஊதிச் சுத்தம் செய்யுங்கள்.

*

கேள்வி: என் பழைய லேப்டாப் திரையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தால் வைஃபை போகிறது, நிமிர்த்தினால் வருகிறது. சொன்னால் கடைக்காரர் சிரிக்கிறார்.
- தேவகோட்டை வாசகி

பதில்: நான் சிரிக்கவில்லை. லேப்டாப்பின் வைஃபை கார்டு கீழே விசைப்பலகைக்கு அடியில் இருந்தாலும், ஆன்டெனா பெரும்பாலும் திரையைச் சுற்றித்தான் ஓடுகிறது. இரண்டையும் இணைக்கிற மெல்லிய ஒயர்கள் கீல் வழியாகப் போகின்றன. பத்து வருடம் திறந்து மூடினால் கீலுக்குள் அந்த ஒயர் நைந்துபோகும். ஒயர் மாற்றத் திரையையே பிரிக்க வேண்டும், பொறுமையுள்ள ஆளிடம் கொடுங்கள். அதுவரைக்கும் சின்ன டாங்கிள் போட்டு ஓட்டலாம். முன்னதாக ஒரு விஷயம், அடிமூடியைக் கழற்றி கார்டின் மேல் இருக்கிற இரண்டு பொட்டு இணைப்பும் நன்றாக அமர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சில சமயம் அதை அழுத்துவதோடு வேலை முடிந்துவிடும்.

*

கேள்வி: வைஃபை இணைந்திருக்கிறது என்று காட்டுகிறது, ஆனால் ஒரு வெப்சைட்டும் திறக்கவில்லை. ஏதோ சான்றிதழ் சரியில்லை என்கிறது. ராத்திரி சுவிட்சை அணைத்து வைத்தால் காலையில் இந்தத் தொல்லை.
- காரைக்குடி, முத்துப்பட்டணம் வாசகர்

பதில்: திரையின் வலது மூலையில் தேதியைப் பாருங்கள். பழைய வருடம் ஏதாவது காட்டும். மதர்போர்டில் ஐந்து ரூபாய் நாணயம் மாதிரி ஒரு பேட்டரி இருக்கிறது, சிமாஸ் பேட்டரி என்று கேளுங்கள், எண் சிஆர் 2032, மூன்று வோல்ட். அது தீர்ந்துபோனால், கரண்ட் நின்றதும் கடிகாரம் பழைய தேதிக்கு ஓடிவிடும். வெப்சைட்டின் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. உங்கள் கம்ப்யூட்டர் இன்னும் 2010-இல் இருந்தால் அந்தச் சான்றிதழ் பிறக்கவேயில்லை, எப்படி நம்பும்? வாட்ச் கடையிலேயே கிடைக்கும். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு மாற்றுங்கள், எழுத்துப் பக்கம் மேலே.

*

கேள்வி: நெட் கட்டாகாமல் இருக்க, வேகமும் கூட, ஒரு இலவச சாஃப்ட்வேர் இருப்பதாக நண்பர் அனுப்பியிருக்கிறார். போடலாமா?
- திருப்பத்தூர் வாசகர்

பதில்: நண்பரோடு சிநேகிதத்தை வைத்துக்கொள்ளுங்கள், சாஃப்ட்வேரை அழித்துவிடுங்கள்.

*

கேள்வி: நெட் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறது. மொட்டை மாடியில் கேபிளை அணில் கடித்திருக்கிறது. நானே ஒட்டுப் போடலாமா?
- கண்டனூர் வாசகர்

பதில்: எல்ஓஎஸ் என்று எழுதியதற்கு மேலே சிவப்பு எரிந்தால் வெளிச்சம் வந்து சேரவில்லை என்று அர்த்தம். அது செம்புக் கம்பியில்லை, முறுக்கி டேப் சுற்றுவதற்கு. உள்ளே தலைமுடி கனத்தில் கண்ணாடி இழை. அதைச் சேர்க்கத் தனி மெஷின் வேண்டும், நெட் கொடுப்பவரைக் கூப்பிடுங்கள். அறுந்த முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்து உற்றுப் பார்க்காதீர்கள். அதில் வருகிற ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, தெரியவில்லை என்பதால் வரவில்லை என்று ஆகாது. இழைத் துணுக்கு காலில் ஏறினால் எடுப்பதும் கஷ்டம், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். புதுக் கேபிள் இழுக்க வருபவரிடம் மாடியில் குழாய்க்குள் விட்டு இழுக்கச் சொல்லுங்கள். அணில் எப்படியும் மறுபடி வரும்.